‘எதிர்ப்பாற்றல் ஹார்மோன்’ என்று ஒன்று இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த பயிர் நோய்க் கட்டுரை, சாலிசிலிக் அமிலத்தைச் செடிகளின் ‘எதிர்ப்பாற்றல் ஹார்மோன்’ என்று அறிமுகப்படுத்தி, அதைத் தெளித்துவிட்டால் எந்த நோயும் அண்டாது என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. இதில் பாதிதான் உண்மை.

சாலிசிலிக் அமிலத்தின் ஒரு வடிவமான ஆஸ்பிரினின் கரைசலைச் செலுத்திய புகையிலைச் செடிகள் தேமல் நச்சுயிரியை எதிர்த்து நிற்பதை ஒயிட் என்ற ஆய்வாளர் 1979-இல் காட்டினார். தாக்கப்பட்ட செடி தானாகவே சாலிசிலிக் அமிலத்தைப் பெருக்கிக்கொள்கிறது என்பதும், ஓர் இலையில் கிருமி புகுந்தால் தொலைவிலுள்ள இலைகளும் உஷாராவதில் அதற்குப் பங்குண்டு என்பதும் 1990-இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயின. இதுவரை கட்டுரையாளரோடு எனக்குப் பிணக்கில்லை.

ஆனால், இந்தத் தற்காப்பு முக்கியமாக உயிருள்ள செல்களை உறிஞ்சி வாழும் கிருமிகளுக்கு எதிரானது. கிருமி நுழைந்த இடத்திலுள்ள செல்கள் தம்மையே மாய்த்துக்கொண்டு அதைப் பட்டினி போடுகின்றன. செல்களைக் கொன்று அதன் பிறகே உண்ணும் போட்ரைடிஸ் போன்ற பூஞ்சைக்கோ அப்படி மாய்ந்த செல்கள் விருந்தாகிவிடும். அத்தகைய பகைவரை எதிர்க்கும் பொறுப்பு ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற வேறு இரு செடி ஹார்மோன்களுக்கு உரியது. சாலிசிலிக், ஜாஸ்மோனிக் தற்காப்பு வழிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடக்குபவை என்பதால், ஒன்றை நாம் வலிந்து உயர்த்தும்போது மற்றொன்று தளரக்கூடும்.

இந்தப் பலவீனத்தைக் கிருமிகள் நமக்கு முன்பே கண்டுகொண்டன என்றே சொல்லத் தோன்றுகிறது. சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியா சுரக்கும் கொரோனட்டின் என்ற நச்சு, ஜாஸ்மோனிக் ஹார்மோனைப் போலவே நடித்து, சாலிசிலிக் வழியை முடக்குவதோடு, கிருமியை உணர்ந்து செடி மூடிக்கொண்ட இலைத்துளைகளையும் மீண்டும் திறக்கவைக்கிறது. நெல் நாற்றுகளை வெளிறி ஒல்லியாக நெட்டுயர வைக்கும் நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே என்று ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா 1926-இல் கண்டறிந்தார். பின்னாளில் ஜிப்ரலின் என்று பெயர் பெற்ற அந்தச் செடி ஹார்மோன்தான் இன்று வளர்ச்சி ஊக்கியாக விற்கப்படுகிறது!

தற்காப்புக்குச் செடி கொடுக்கும் விலையையும் கட்டுரை பேசவில்லை. எந்நேரமும் சாலிசிலிக் அமிலம் மிகுந்திருக்கும் அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் திரிபுகள் பல குட்டையாகவே நின்றுவிடுகின்றன.

ஆகவே, இனி இத்தகைய தெளிப்புகளைப் பற்றி எழுதும்போது, எந்தப் பயிரில், எந்தப் பருவத்தில், எந்தக் கிருமிக்கு எதிராக அது பலனளித்தது என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்