கட்டண விவரம் பெற்றோர் கண்ணில் பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தனியார் பள்ளிகள் மீதான அரசின் கட்டுப்பாடுகள் குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கட்டணத்தைச் சந்தைப் போட்டியே சீராக்கிவிடும், அரசு அரசுப் பள்ளிகளை மட்டும் கவனித்தால் போதும் என்போரின் வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நண்பர்களும் ஆசிரியர்களும் பழகிப்போன ஒரு பள்ளியிலிருந்து குழந்தையைப் பிடுங்கி வேறிடத்தில் சேர்ப்பது கைபேசி நிறுவனத்தை மாற்றுவதுபோல் எளிதன்று என்பதால், கட்டணம் உயர்ந்தாலும் பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகின்றனர்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கும் கட்டணம் 3 கல்வியாண்டுகளுக்கு அந்தந்தப் பள்ளியைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே இன்னொரு சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டம் பள்ளி அலுவலகத்தின் பணம் செலுத்தும் சன்னல்வரை வந்து சேரவில்லை என்பதே குறை. என் மகள் படிக்கும் பள்ளியில் கல்விக் கட்டணத்துக்கு அச்சிட்ட ரசீது தருகிறார்கள்; அதைவிடப் பெரிய தொகைக்கு, ‘இதர வகை’ என்று பேனாவால் எழுதிய, பள்ளியின் பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு துண்டுச்சீட்டும் உடன் வருகிறது. இதைக் காட்டி யாரிடம் முறையிடுவது? குழு நிர்ணயித்த தொகையை, ஆணை எண்ணுடன், வகுப்புவாரியாகப் பள்ளி வாயிலில் எழுதி வைப்பதையும், எந்தத் தலைப்பில் பெறும் பணமானாலும் அந்த எண் அச்சிட்ட ஒரே ரசீதில் வழங்குவதையும், பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்கான நிபந்தனைகளாகப் பள்ளிக் கல்வித் துறை அறிவிக்கலாம்.