மலிவு வீடும் மாதக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த விலை வீடுகள் கட்டி முடிக்கப்பட்ட பிறகும் விற்காமல் தேங்கிக் கிடப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விலையை இன்னும் சற்றுக் குறைத்து, வட்டிக்கு மானியமும் கொடுத்துவிட்டால் வாங்குவோர் தாமாக வந்துவிடுவார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எளிய வருமானம் உள்ள குடும்பத்தினர் விலையைக் கேட்டுத்தான் முதலில் விசாரிக்க வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால், அவர்கள் வாங்குவதும் வாங்காமல் திரும்பிப் போவதும், அந்த வீடு மாதந்தோறும் நாள்தோறும் தங்களிடம் என்னென்ன கேட்கும் என்று அவர்கள் மனத்துக்குள் போட்டுப் பார்க்கும் கணக்கைப் பொறுத்தே பெரும்பாலும் அமைவதை நான் கண்டிருக்கிறேன்.

‘கட்டுப்படியாகும் வீடு’ என்பதற்குத் திட்ட வல்லுநர்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல், குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குச் செலவாகக் கூடாது என்பதாகும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது. அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் இருந்தோரின் வாடகை அவர்களுடைய வருமானத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 1969-ல் சட்டத் திருத்தம் வந்தது. 1981-ல் அந்த வரம்பு 30 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது வாடகைக்கென்று பிறந்த ஓர் உச்சவரம்பை, சொந்த வீடு வாங்குவோரின் திறனை அளக்கும் கோலாக நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். வாடகைக்கு இருப்பவர் வருமானம் குறைந்தால் இன்னொரு சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம். கடன் வாங்கியவருக்கு அந்த வழி எளிதில் திறப்பதில்லை. மேலும், நிறைய சம்பாதிக்கும் குடும்பத்துக்கு 30 போக மீதமுள்ள 70 விழுக்காடு தாராளமாக இருக்கும். அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாத குடும்பத்துக்கு அதே 70 விழுக்காடு பற்றாக்குறையாக இருக்கும். விகிதம் ஒன்றாக இருப்பதால் சுமையும் ஒன்றாகிவிடாது. மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைக் கழித்த பின் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதைத்தான் வாங்குபவர் பார்க்கிறார். கடன் விண்ணப்பப் படிவங்களில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை.

தவணையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், கடைசியில் திருப்பிக் கட்டியிருக்கும் தொகை கடனைப் போல் ஏறத்தாழ 2 மடங்கு. முதல் 5 ஆண்டுகளில் கட்டும் பணத்தில் முக்கால் பங்கு வட்டிக்கே போய்விடும். அசலில் 8-ல் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். அதே கடனை 30 ஆண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை சுமார் 12 விழுக்காடு குறையும். ஆனால் மொத்தமாகக் கட்டும் தொகை 2.6 மடங்குக்கு மேல் போய்விடும். ‘தவணை குறைவு’ என்ற விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பது பல நேரங்களில் இந்த நீட்டிப்புதான்.

மாறும் வட்டியில் இன்னொரு சங்கதியும் உண்டு. மேலே சொன்ன 20 ஆண்டுக் கடனில், தொடக்கத்திலேயே வட்டி 8-லிருந்து 9 விழுக்காடு ஆகி, தவணையை உயர்த்தாமல் காலத்தை மட்டும் நீட்டினால், 240 மாதம் என்பது ஏறக்குறைய 304 மாதமாகிவிடும். 10 விழுக்காடு ஆனால், அதே தவணையில் கடன் தீர 56 ஆண்டுகள் பிடிக்கும். எந்த வங்கியும் அவ்வளவு தூரம் விடாது என்பதால் தவணையே உயர்த்தப்படும். இதையெல்லாம் எண்ணாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கும் உள்ளுணர்வு இருக்கிறது. “சார், வட்டி ஏறினா என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு, சரியான பதில் கிடைக்காததால் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவர்களை நாங்கள் ‘தயங்கும் வாடிக்கையாளர்’ என்று குறித்து வைத்தோம். இப்போது நினைத்தால் அவர்கள் கணக்கு எங்களுடையதைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது.

முதல் தவணையின் கவர்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2008 நிதி நெருக்கடிக்கு முன் அமெரிக்காவில் பரவலாக விற்கப்பட்ட கடன்களைப் பார்க்கலாம். முதல் 2 ஆண்டுகளுக்குக் குறைந்த நிலையான வட்டி, மீதி 28 ஆண்டுகளுக்குச் சந்தையோடு மாறும் வட்டி என்ற ஏற்பாட்டில், வருமானம் குறைந்தவர்களும் ஏராளமாக வீடு வாங்கினார்கள். 2 ஆண்டுகள் கழிந்து தவணை எகிறியபோது, வீட்டு விலையும் சரியத் தொடங்கியிருந்ததால், கடனை மாற்றி அமைக்கவோ வீட்டை விற்றுத் தப்பிக்கவோ முடியாமல் ஏராளமானோர் வீட்டை இழந்தார்கள். அவர்கள் வாங்கத் தூண்டப்பட்டதற்கு விலையைவிட அந்த முதல் 24 தவணைகளே பெரிய காரணம்.

மாதச் சம்பளம் இல்லாதவர்களின் நிலை வேறு. கட்டட வேலை, சிறு வியாபாரம், வண்டி ஓட்டுதல் என்று வாழ்வோருக்கு வருமானம் உண்டு, ஆனால் அதைக் காட்டும் காகிதம் இல்லை. வரும் பணமும் சில மாதங்களில் கூடும், சில மாதங்களில் குறையும். ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் ஒரே தொகை என்ற தவணை முறை இவர்களுடைய வாழ்க்கைக்குப் பொருந்துவதே இல்லை. கட்டக்கூடிய திறன் இருந்தும் இவர்கள் பின்வாங்குவதற்குக் காரணம், வேலை இல்லாத இரண்டு மாதங்களில் என்ன செய்வது என்ற அச்சம்தான். நல்ல மாதத்தில் கூடுதலாகவும் மோசமான மாதத்தில் குறைவாகவும் கட்ட அனுமதிக்கும் கடன், ஒரு விழுக்காடு வட்டி மானியத்தைவிட இவர்களை அதிகம் ஈர்க்கும் என்பது என் கணிப்பு. அந்த மானியம் தரும் பயனும் அளவுக்கு உட்பட்டதுதான்: 20 ஆண்டுக் கடனில் வட்டி 8-லிருந்து 7 ஆனால் தவணை 7 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறையும், அவ்வளவே. கட்டி முடிக்கப்படாத வீட்டை வாங்குவோர், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும், இன்னும் கைக்கு வராத வீட்டுக்குத் தவணையும் ஒருசேரக் கட்ட வேண்டிய இரட்டைச் சுமையையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி தூரம். ஒருமுறை கணவனும் மனைவியுமாக ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் வட்டி, முன்பணம், தவணைக் காலம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதெல்லாம் கிடக்கட்டும் சார், அங்கேயிருந்து ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அந்த வீட்டை வாங்கவில்லை. அன்றுவரை எங்கள் கோப்பில் வீட்டின் மதிப்பும் பரப்பும் பத்திர எண்ணும் இருந்தனவே தவிர, பேருந்து இருக்கவில்லை.

நிலம் ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் என்பதால் மலிவு வீடுகளும் ஊருக்கு வெளியே போகின்றன. வேலைக்குப் போய்வர ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாளுக்கு அது 75 மணி நேரம், அதாவது 8 மணி நேர வேலை நாட்களாகப் பார்த்தால் ஒன்பதுக்கு மேல். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்களுக்கு இந்த நேரம் நேரடியாக வருமான இழப்பு. பலர் வேலையையே விட்டுவிட நேர்கிறது. அப்போது தவணை கட்ட வேண்டிய இரண்டு வருமானங்களில் ஒன்று போய்விடுகிறது. சிகாகோவில் உள்ள நகர்ப்புறத் தொழில்நுட்ப ஆய்வு மையம் ஒன்று, வீட்டுச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து வருமானத்தில் 45 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் அந்த இடம் கட்டுப்படியாகும் என்று கணக்கிடுகிறது. அப்படிப் பார்க்கும்போது மலிவானவை என்று பெயர் பெற்ற பல புறநகர்ப் பகுதிகள் அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகின்றன.

இதைக் கவனிக்காததன் விலையை மெக்சிகோ கொடுத்தது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே தொழிலாளர் வீட்டு நிதியத்தின் கடன் உதவியோடு நகரங்களின் விளிம்பைத் தாண்டி மிகப் பெரிய எண்ணிக்கையில் ஒரே மாதிரியான சிறு வீடுகள் கட்டி விற்கப்பட்டன. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அவை அனைத்தும் மலிவு வீடுகள் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையும் பள்ளியும் எட்டாத தொலைவில் இருந்ததால் கடன் வாங்கி வாங்கிய வீட்டையே பூட்டிவிட்டு நகரத்துக்குத் திரும்பியவர்கள் அதில் ஏராளம். விற்பனைக் கணக்கில் அந்த வீடுகளெல்லாம் வெற்றியாகவே பதிவாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான முயற்சி சிலியின் இக்கிகே நகரில் நடந்தது. நகரின் மையத்தில் ஆக்கிரமிப்பு நிலத்தில் பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்த சுமார் 100 குடும்பங்களை வெளியே அனுப்பாமல் அதே இடத்தில் குடியமர்த்த, கட்டடக் கலைஞர் அலெஹாந்திரோ அரவேனாவின் குழு 2000-களின் முற்பகுதியில் ஒரு வழி கண்டது. மலிவு வீட்டுத் திட்டங்களில் நிலத்துக்கென்று வழக்கமாக ஒதுக்கப்படுவதைப் போல் 3 மடங்கு அந்த நிலத்துக்குச் செலவானது. மீதிப் பணத்தில் முழு வீடு கட்ட முடியாது என்பதால், அடித்தளம், சமையலறை, குளியலறை, மாடிப்படி, பொதுச்சுவர் என்று குடும்பங்கள் தாமாகச் செய்துகொள்ளக் கடினமான பாதியை மட்டும் உறுதியாகக் கட்டிக் கொடுத்து, மறுபாதியை வசதி வரும்போது அவர்களே கட்டிக்கொள்ள இடம் விட்டார்கள். தொலைவில் முழு வீட்டைவிட வேலைக்கு அருகில் பாதி வீடு மேலானது என்ற முடிவு அங்கே குடும்பங்களின் வாழ்க்கையிலிருந்தே வந்தது.

அடுத்தது உரிமை. போதுமான வீடு என்றால் என்ன என்று ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1991-ல் வகுத்தளித்த 7 அம்சங்களில் முதலாவது, குடியிருப்பு உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு. கட்டுப்படியாகும் செலவு அதற்குப் பின்னரே வருகிறது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே பத்திரத்தில் போடுபவருக்கு வில்லங்கம் இருக்கிறதா என்ற கேள்வி பணக்காரரைவிடப் பத்து மடங்கு பெரியது, ஏனென்றால் வழக்காட அவரிடம் காசும் இல்லை, காலமும் இல்லை. கட்டுநர் குறித்த காலத்தில் சாவியைக் கொடுப்பாரா என்ற ஐயமும் இதே வகை. அதனால்தான் விலை சற்றுக் கூடுதலானாலும் முழுதாகக் கட்டி முடித்த வீட்டை, அதிலும் ஏற்கெனவே தெரிந்தவர் குடியிருக்கும் வளாகத்தை, பலர் தேடிப் போகிறார்கள். உறவினர் ஒருவரின் வாய்ச்சொல்லுக்கு இருக்கும் மதிப்பு எந்த வண்ண விளம்பரத்துக்கும் இல்லை.

வீட்டின் அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்பனைப் பரப்பில் படிக்கட்டும் பொது வழியும் சேர்ந்திருக்கும். சுவர்களுக்குள் நடமாடக் கிடைக்கும் இடம் எவ்வளவு என்பதைக் குடும்பத் தலைவிகள் அடியெடுத்து வைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மின்தூக்கி, நீரேற்றம், காவல் ஆகியவற்றுக்கான பராமரிப்புக் கட்டணம் கடன் தீர்ந்த பின்னும் தொடரும். தரக்குறைவான கட்டடத்தை ‘மலிவு’ என்ற பெயரில் ஓரிடத்தில் குவித்துவைத்தால், அந்த முகவரியைச் சொல்லவே பிள்ளைகள் கூசுவார்கள் என்ற தயக்கமும் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள், வேறு காரணம் சொல்லி விலகிவிடுவார்கள். சிங்கப்பூரில் இந்தத் தயக்கம் பெரிதாக எழவில்லை. 1960-ல் தொடங்கப்பட்ட வீட்டு வசதி வாரியத்தின் அடுக்ககங்களில் அங்கே நிலையாகக் குடியிருப்போரில் ஏறக்குறைய 10-க்கு 8 பேர் வாழ்கிறார்கள். பெரும்பான்மையோர் வாழும் இடத்துக்கு ஏழைகள் குடியிருப்பு என்ற முத்திரை ஒட்டாது. 1968 முதல் தங்கள் சேமநிதியிலிருந்தே முன்பணத்தையும் தவணையையும் செலுத்த அனுமதித்ததும் அங்கே வாங்குவோரின் கைக்காசுச் சுமையைக் குறைத்தது. அதேவேளை, அந்த வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கே உரியவை என்பதால், பழைய வீட்டை வாங்குவோர் எஞ்சிய ஆண்டுகளைக் கணக்கிட்டே விலை பேசுகிறார்கள். எளியவர்களும் மறுவிற்பனை மதிப்பைப் பார்க்கிறார்கள் என்பதற்கு இது சான்று. அவர்களிடம் உள்ள ஒரே சொத்து அதுதான் என்பதால், கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வீட்டுமனை விளம்பரங்களும் செய்திகளும் வரும் பக்கங்களில் விலையையும் பரப்பையும் போடும் இடத்தில் இன்னும் மூன்று விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள்: காலை நெரிசல் நேரத்தில் பேருந்தில் நகரின் முக்கிய வேலைப் பகுதிக்குச் செல்ல ஆகும் நேரம், மாதப் பராமரிப்புக் கட்டணம், வட்டி இப்போதைய அளவைவிட 2 விழுக்காடு உயர்ந்தால் ஆகும் தவணை. தருவதற்கு விளம்பரதாரர்கள் மறுத்தால், மறுத்தார்கள் என்றே அச்சிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்