ஐரிஷ் மரக்குழல்: திருத்தத்தை யாரிடம் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரிஷ் மரபுக் குழல் கற்கத் தொடங்கியிருக்கும் வாசகி ஒருவர், ஊரில் ஆசிரியர் இல்லாத நிலையில் என்ன செய்வது என்று ஞாயிறு இணைப்பில் கேட்டிருந்தார். காணொளிகளைப் பார்த்துக் கூடவே வாசிக்கும்படி பதில் வந்திருந்தது. அந்தப் பதில் போதாது. காணொளியால் நம் வாசிப்பைக் கேட்க முடியாது. இந்தக் கருவியில் புதியவர்கள் விடும் பிழைகளில் பலவும் வாசிக்கும்போது வாசிப்பவர் காதில் விழுவதே இல்லை. விழாத பிழை ஆறு மாதத்தில் பழக்கமாக இறுகிவிடும். பிறகு அதைக் கழற்ற இன்னொரு ஆறு மாதம் ஆகும். ஆகவே திருத்தம் எங்கே கிடைக்கும், எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கருவி. இது மேலை ஆர்க்கெஸ்ட்ராவின் வெள்ளிக் குழல் அன்று. 1847-இல் ஜெர்மானியரான தியோபால்ட் போம் வடிவமைத்த உருளைத் துளைக் குழலுக்குச் செவ்விசைக் கலைஞர்கள் மெல்ல மாறியபோது, அவர்கள் விட்டுப்போன கூம்புத் துளை மரக்குழல்கள் மலிவாக அயர்லாந்து மக்களின் கைக்கு வந்தன. ஸ்லைகோ, ரோஸ்காமன், லீட்ரிம் பகுதிகளில் அவை நிலைத்தன. ஆறு திறந்த துளைகள், எல்லாவற்றையும் மூடினால் டி என்ற மேலைச் சுரம். கீ என்று சொல்லப்படும் உலோக மூடிகள் எட்டு வரை இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். தொடங்குபவருக்கு கீ இல்லாத குழலே போதும். மரபு மெட்டுகளில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும்.

யாரிடமும் கருத்துக் கேட்பதற்கு முன், பிழை குழலில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். "கீழ் டி வரவே மாட்டேன் என்கிறது, உதட்டை எப்படி வைப்பது?" என்பதுதான் புதியவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் குற்றம் உதட்டில் இல்லை, காற்று கசிகிறது. இடக்கையின் மூன்று விரலால் ஜி வாசித்து, ஒலி நிலைத்த பிறகு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து எஃப் ஷார்ப், ஈ, டி என இறங்குங்கள். எந்த விரல் சேரும்போது ஒலி உடைகிறதோ, முதலில் அந்த விரலைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் இடக்கை மோதிர விரலைப் பாருங்கள். வலக்கை நீளும்போது அது தன் துளையைவிட்டு நழுவும். விரலைத் துளைமேல் சில நொடி அழுத்தி எடுத்தால் சதையில் வட்டத் தடம் பதியும். தடம் முழு வட்டமாக இல்லையென்றால் துளை மூடப்படவில்லை. விரல் நுனியால் மூடாமல், விரலைத் தட்டையாக நீட்டிச் சதைப்பகுதியால் மூடுவதே இங்கு வழக்கம். துளைகளுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் நுனியால் எட்டாது.

விரல் சரியென்றால் குழலைச் சோதியுங்கள். நடுத்துண்டைக் கழற்றி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை மூடி, மறுமுனையில் உறிஞ்சுங்கள். உறிஞ்சிய இழுவை சில நொடியாவது நிற்க வேண்டும். உடனே விட்டுப்போனால் விரிசலோ, கீயின் அடியில் உள்ள மெத்தையோதான் காரணம். கீழ் ஜி-யும் மேல் ஜி-யும் ஒன்றுக்கொன்று சேராமல் நின்றால், தலைத்துண்டுக்குள் இருக்கும் தக்கை நகர்ந்திருக்கலாம். வாய்த்துளையின் நடுவிலிருந்து சுமார் 19 மில்லிமீட்டர் தள்ளி அது இருக்க வேண்டும். அலங்காரமாகச் செதுக்கி மிக மலிவாக விற்கும் மரக்குழல்களில் இந்த அளவுகள் எதுவும் சரியாக இருப்பதில்லை. எந்த ஆசிரியராலும் அவற்றைக் காப்பாற்ற முடியாது. நம் ஊர் ஈரத்துக்கும் குளிர்சாதன அறைக்கும் மாறி மாறிப் போகிறவர்கள், மரத்தைவிட டெல்ரின் என்ற பாலிமரில் நல்ல கைவினைஞர் செய்த குழலை வாங்குவது மேல். அது வெடிக்காது, எண்ணெய் பூசவும் தேவையில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. திருத்தம் முழுவதும் ஒரே ஆளிடம் கிடைக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். கேள்வியைப் பிரித்து, எட்டும் தூரத்தில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

உதடு, மூச்சு, உடல் நிலை ஆகியவற்றை நம் ஊர் கர்நாடகப் புல்லாங்குழல் ஆசிரியரே பார்த்துச் சொல்லிவிடலாம். ஊதும்போது காற்று வீணாகச் சீறுகிறதா, கீழுதடு துளையின் பாதிக்கும் மேல் மறைக்கிறதா, தோள் தூக்கியிருக்கிறதா, தலை சுற்றும் அளவுக்கு உதட்டிடைவெளி அகலமாக இருக்கிறதா என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு உடனே தெரியும். ஆனால் விரலிடும் முறையை அவரிடம் கேட்காதீர்கள். கர்நாடகக் குழலில் மேல் இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜமம். இங்கே ஆறையும் மூடினால் வரும் டி-தான் பல மெட்டுகளுக்கு ஆதாரம். கமகத்துக்காக விரலைத் துளைமேல் இழைக்கும் பழக்கமும் இங்கே பெரும்பாலும் தடையாகும். மேலைக் குழல் ஆசிரியர் கிடைத்தால் அவரும் உதட்டுக்கு உதவுவார். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டச் சொன்னாலும், ஒலியை நடுங்க வைக்கச் சொன்னாலும் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சுரங்களுக்கு இடையே விரலால் செய்யும் அலங்காரங்களுக்கு, டின் விசில் என்ற சிறு உலோக ஊதுகுழல் வாசிப்பவர் போதும். டி விசிலுக்கும் இந்தக் குழலுக்கும் விரலிடுதல் அநேகமாக ஒன்றே. விசில் சொல்லித் தருபவர்களும் எண்ணிக்கையில் அதிகம். தாளத்துக்கு இன்னும் எளிது: ஐரிஷ் ஃபிடிலோ அக்கார்டியனோ வாசிக்கும் யாரும், ஜிக் என்ற நடன மெட்டை நீங்கள் வாசித்தால் அது ஆடத் தகுந்ததா இல்லையா என்று சொல்வார்கள். நம்மவர்கள் தவறுவதும் இங்கேதான். ஜிக் என்றால் ஒரு தாளக் கட்டத்துக்குத் தகிட தகிட என இரண்டு தட்டு. அந்த மூன்று எழுத்தும் சரிசமமாக விழுந்தால் மெட்டு தட்டையாகிவிடும். முதல் எழுத்து சற்று நீள வேண்டும், இரண்டாவது சுருங்க வேண்டும். எவ்வளவு என்பதை எழுத்தில் காட்ட முடியாது. கேட்கும் காது உள்ள ஒருவர்தான் சொல்ல முடியும்.

சுருதிக்கு மனிதர்களே தேவையில்லை. சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வைத்தால் அது டி. அதோடு சேர்த்து நீண்ட சுரங்களாக தினம் பத்து நிமிடம் ஊதுங்கள். சுருதி காட்டும் டியூனர் கருவியின் ஊசியைப் பார்த்து ஊதுவதைவிட இது நல்லது. பழைய அளவுகளில் செய்த பல குழல்களில் எஃப் ஷார்ப் சற்றுத் தாழ்வாகவே பிறக்கும். ஊசியைத் துரத்தினால் உதடு குழம்பிவிடும், சுருதியோடு சேர்த்தால் காதே உதட்டைத் திருத்தும்.

அடுத்தது, எதை அனுப்புவது. பாதிப் பேர் ஐந்து நிமிடப் பதிவை அனுப்பி "எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். "நன்றாக இருக்கிறது, தொடருங்கள்" என்று பதில் வருகிறது. அதனால் பயன் ஒன்றும் இல்லை. ஒரு ஜிக்கில் எட்டுக் கட்டம் கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, ஆக 32 கட்டம். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 64 நொடியில் முடியும். அந்த ஒரு சுற்று போதும், அலங்காரம் எதுவும் இல்லாமல். அதற்கு முன்னால் கீழ் டி-யிலிருந்து மேல் டி வரை ஏறி இறங்கும் ஒரு வரிசை. ஃபோனை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, காற்று நேராகப் படாமல் பக்கவாட்டில் வையுங்கள். ஓடு பதித்த குளியலறையில் பதிவு செய்யாதீர்கள்; எதிரொலி எல்லாக் குறையையும் மூடி மறைக்கும். விரல்களும் வாயும் ஒரே சட்டகத்தில் தெரியட்டும். வெட்டி ஒட்டாமல் அனுப்புங்கள். கூடவே ஒரே ஒரு கேள்வி: "இரண்டாம் பகுதியின் மூன்றாம் கட்டத்தில் தாளம் நழுவுகிறதா?" என்பது போல. குறிப்பான கேள்விக்குத்தான் குறிப்பான பதில் வரும். நான்கு வாரம் கழித்து அதே மெட்டை மறுபடி அனுப்பினால் கேட்பவருக்கும் ஆர்வம் பிறக்கும், சொன்னதைக் கேட்கிறார் என்ற நம்பிக்கையும் வரும்.

அனுப்புமுன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பதிவை மறுநாள் போட்டுக் கைதட்டுங்கள். தட்டு எங்கே தடுமாறுகிறதோ அங்கே பிழை. பிறகு 70 சதவீத வேகத்தில் கேளுங்கள். விரல்கள் ஒன்றாக விழாத இடங்களில் நடுவே ஒரு திருட்டுச் சுரம் எட்டிப் பார்க்கும், குறிப்பாக எல்லாத் துளையும் திறந்த சி ஷார்ப்பிலிருந்து நடு டி-க்குப் போகும்போது. அந்த நடு டி-க்கு முதல் துளையைத் திறந்து வைக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ரோல் என்ற அலங்காரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஜி-யில் நீண்ட ரோல் என்பது ஒரு தகிட நேரத்துக்குள் மூன்று ஜி. இரண்டாவதன் தொடக்கத்தில் மேலே உள்ள ஒரு விரலைச் சட்டென்று தூக்கி வைப்பது கட். மூன்றாவதன் தொடக்கத்தில் கீழ்விரலால் திறந்த துளையைத் தட்டி எடுப்பது டாப். இரண்டும் சுரமாகக் கேட்கக் கூடாது, ஒரு சொடுக்காகவே கேட்க வேண்டும். விரல் உயரமாகத் தூக்கினால் கட் மெதுவாகித் தனிச் சுரமாகிவிடும். முதல் ஜி-க்கு உரிய நீளத்தைக் கொடுக்காமல் மூன்றையும் முன்னாலேயே நெருக்குவதுதான் வழக்கமான பிழை. முதலில் கட் இல்லாமல், டாப் இல்லாமல் மூன்று ஜி-யை மூச்சால் பிரித்து வாசியுங்கள். பிறகு கட் அலங்காரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தாளத்தில் உட்கார்ந்த பிறகே டாப். எந்த விரலால் கட் செய்வது என்பதில் ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபாடு உண்டு. ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். கீழ் டி-யில் டாப் செய்யக் கீழே துளை கிடையாது. அங்கே வருவது வெவ்வேறு விரல்களால் தொடர்ந்து செய்யும் கட்களான கிரான். அதற்கு ஓராண்டு பொறுக்கலாம்.

மூச்சு விடும் இடமும் திருத்தம் கேட்க வேண்டிய விஷயம். இந்த இசையில் மூச்சுக்கென்று இடைவெளி எழுதப்பட்டிருக்காது; ஒரு சுரத்தை விட்டுக்கொடுத்துத்தான் மூச்சு எடுக்க வேண்டும். தட்டின்மேல் விழும் சுரத்தை விடக் கூடாது. நீண்ட சுரத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் எடுக்கலாம். எட்டுக் கட்டம் முடியும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மூச்செடுத்தால் மெட்டு துண்டுதுண்டாகக் கேட்கும். ஒரே மெட்டுக்கு இரண்டு மூச்சுத் திட்டம் வைத்து, இரண்டையும் பதிந்து, எது ஓடுகிறது என்று கேளுங்கள்.

பலரிடம் கேட்டால் முரணான பதில்கள் வரும். அதற்குக் காரணம் பெரும்பாலும் பாணி வேறுபாடு. 1920-களில் நியூயார்க்கில் இசைத்தட்டுப் பதித்த லீட்ரிம்காரர் ஜான் மெக்கென்னா ரோலைவிட மூச்சின் துடிப்பால் தாளத்தை உந்தியவர். ரோஸ்காமனைச் சேர்ந்த மாட் மோலோய் ரோலும் கிரானும் நெருக்கமாகப் பின்னி, யில்லியன் பைப் என்ற ஐரிஷ் துருத்திக் குழலின் சாயலைக் குழலுக்குக் கொண்டுவந்தவர். முதலாமவரை விரும்புகிறவர் "மூச்சால் இன்னும் தள்ளு" என்பார். இரண்டாமவரை விரும்புகிறவர் "மூச்சு முட்டுகிறது, மென்மையாக்கு" என்பார். இருவர் சொல்வதும் சரிதான். ஓராண்டுக்கு ஒரே வாசிப்பாளரை எடுத்துக்கொண்டு, "இவரைப் பின்பற்றுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கருத்துக் கேளுங்கள். முரண் பாதியாகக் குறைந்துவிடும்.

இணையவழி நேரடி வகுப்பு எடுக்க முடிந்தால் மாதம் ஒன்றாவது எடுங்கள். அழைப்புச் செயலியில் இரைச்சல் குறைப்பை அணைத்து, அசல் ஒலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட குழலொலியை இரைச்சல் என்று எண்ணிச் செயலியே அறுத்துவிடும். தாமதம் இருப்பதால் இருவரும் ஒன்றாக வாசிக்க முடியாது. உங்கள் ஒலியை அடைத்துவிட்டு ஆசிரியரோடு வாசிப்பதும், பிறகு தனியே வாசித்துக் காட்டுவதும்தான் வழி. அயர்லாந்து நேரம் கோடையில் இந்திய நேரத்துக்கு நாலரை மணி நேரமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் பின்தங்கியது. அங்கே மாலை ஏழு மணி இந்தியாவில் நள்ளிரவை ஒட்டி வரும். சனிக்கிழமை அயர்லாந்தின் காலை பத்து மணி கேளுங்கள். இந்தியாவில் அது பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை.

அயர்லாந்து போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு, கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே ஊரில் 1973 முதல் ஜூலையில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி நல்ல இடம். வாரம் முழுதும் காலை வகுப்புகளில் நிலை பிரித்துக் குழல் சொல்லித் தருகிறார்கள். 1951-இல் தொடங்கிய கோல்டஸ் என்ற ஐரிஷ் மரபிசை அமைப்பின் கிளைகளிலும் வகுப்புகள் உண்டு. அதன் பெருவிழாவையொட்டி ஆகஸ்டில் ஸ்கோல் ஏக்ஷே என்ற பயிற்சி வாரம் நடக்கிறது. வகுப்பில் மெட்டுகள் காதால்தான் கற்பிக்கப்படும், ஆகவே அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். மதுக்கடைகளில் கூடி வாசிக்கும் செஷன்களில் திருத்தம் எதிர்பார்க்காதீர்கள். தெரியாத மெட்டுக்கு மெல்லத் துழாவி வாசிப்பது அங்கே மரியாதைக் குறைவு. கேட்டுக்கொண்டு உட்காரலாம், வாசிக்கச் சொன்னால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மெட்டு ஒன்றை உங்கள் வேகத்தில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
குழல் வாசிக்கும் வாசகர் ஒருவர்,
டப்ளின்