டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் விந்தணு அதிகரிக்காது, குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஆண்களின் குழந்தையின்மை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் விந்தணு குறைவாக இருப்பவர்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை ஏறிவிடும் என்பதுபோல ஒரு பத்தி இருந்ததே, அதைப் படித்ததும் பதறிவிட்டேன். நடப்பது நேர் எதிர். குழந்தைக்காகக் காத்திருக்கும் ஒருவர் அதை நம்பி ஊசி போட்டால், சில மாதங்களில் அவருக்கு விந்தணுவே இல்லாமல் போகலாம்.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். விந்தகத்தில் ஒரு செல் பிரிந்து, வளர்ந்து, விந்தணுவாக முதிர ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. கிளம்பும் செல்கள் எல்லாம் கரை சேர்வதில்லை. நல்ல ஆரோக்கியமான ஆணிலும் ஏராளமான செல்கள் பாதி வழியில் தம்மைத்தாமே அழித்துக்கொள்கின்றன. இது நோயல்ல. அவற்றுக்கு ஊட்டம் கொடுக்கும் செர்டோலி செல் ஒவ்வொன்றும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும், அதனால் மிகுதியும் பழுதும் கழிந்தாக வேண்டும். செல் சாவைத் தூண்டும் பாக்ஸ் என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளை 1995-ல் உருவாக்கிப் பார்த்தார்கள். சாவு குறைந்தால் விந்தணு பெருகும் என்றுதானே நினைப்போம்? ஆண் எலிகள் மலடாகிவிட்டன! தொடக்க நிலைச் செல்கள் விந்தகக் குழாய்களில் குவிந்து கிடந்தன, முதிர்ந்த விந்தணு ஒன்றும் வரவில்லை.

ஆக, சாவும் வேண்டும், அது எல்லை மீறவும் கூடாது. அந்த எல்லையைக் காப்பவை ஹார்மோன்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. எஃப்.எஸ்.ஹெச். நேராகச் செர்டோலி செல்லுக்குப் போகிறது. எல்.ஹெச். விந்தகத்தில் இருக்கும் லீடிக் செல்களைத் தூண்டி, விந்தகத்துக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது. அதையும் உணர்ந்து வேலை செய்வது செர்டோலி செல்தான். இந்த இரண்டு ஆதரவும் குறைந்தால் வளரும் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன.

இங்கேதான் ஊசி கெடுக்கிறது. விந்தகத்துக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், ஊசியால் அந்த அளவை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆனால் ரத்தத்தில் ஏறிய ஹார்மோனைப் பார்த்து, போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் அடக்கிவிடுகிறது. உடம்பு முறுக்கேறும், ரத்தப் பரிசோதனையும் அருமையாக இருக்கும், விந்தகம் மட்டும் காய்ந்துபோகும்.

உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்திருக்கிறது. 1990-ல் வெளியான அந்த ஆய்வில் 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் போட்டார்கள், 157 பேருக்கு விந்தணு முற்றிலும் மறைந்தது. கருத்தடைக்குச் சோதித்த மருந்தைப் பிள்ளை வரத்துக்குச் சொல்லலாமா?

ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று இதைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள். உங்கள் இதழே அப்படிச் சொன்னால் அவர்களை யார் தடுப்பது?

சரி, பிட்யூட்டரியே வேலை செய்யாதவர்களுக்கு, எல்.ஹெச். போலவே வேலை செய்யும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனையும் எஃப்.எஸ்.ஹெச்.சையும் ஊசியாகக் கொடுத்து விந்தணுவை வரவழைப்பது உண்டு. அது வேறு மருந்து, வேறு சிகிச்சை. கட்டுரையாளர் இரண்டையும் கலந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், கண்ணில் படும்படி திருத்தம் போடுங்கள். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: மருத்துவரைப் பார்த்து, குழந்தை வேண்டும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நிறுத்தியபின் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் விந்தணு திரும்புகிறது, சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். முதல் மாதப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்