இறப்புக் கணக்கை மட்டும் வெளியிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

எந்த மருத்துவரிடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பெயர் போட்டு வெளியிடச் சொல்லித் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. சிகிச்சையின் பலன் மக்களுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் வெறும் இறப்புக் கணக்கைப் போட்டால், மற்றவர்கள் தொடத் தயங்கும் நோயாளியை ஏற்றுக்கொள்ளும் மருத்துவருக்குத்தான் முதலில் கெட்ட பெயர் வரும்.

ஒரே திறமை உள்ள 100 மருத்துவர்கள், ஆளுக்கு 100 பைபாஸ் இதய அறுவை சிகிச்சை செய்கிறார்கள். நூற்றுக்கு 2 பேர் இறக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் சுமார் 13 பேரிடம் ஓர் இறப்பும் இருக்காது. சுமார் 5 பேரிடம் 5 அல்லது அதற்கு மேல் இருக்கும். திறமையில் துளி வித்தியாசம் இல்லை, எல்லாம் தற்செயல். 1989 முதல் பைபாஸ் பதிவேடு நடத்தும் நியூயார்க் மாநிலம், மருத்துவர்வாரிக் கணக்கை மூன்றாண்டுகளுக்குச் சேர்த்து வெளியிடுவது இதனால்தான். வயது, இதயத்தின் பம்பிங் அளவு, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றை வைத்து எத்தனை இறப்பு எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு, நடந்ததை அதோடு ஒப்பிடுகிறார்கள்.

இங்கே அந்த ஒப்பீடு சறுக்கும் இடம் கேஸ் ஷீட். எண்ணூர், மணலி பக்கமிருந்து இரண்டு இடம் சுற்றி, நேரம் கடந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வரும் மாரடைப்பு நோயாளியின் முதல் ரத்த அழுத்தமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் பதிவாக வேண்டும். நெஞ்சு வலி தொடங்கிய நேரமும் வேண்டும். கூட்ட நெரிசலில் அந்தக் கட்டங்கள் காலியாக விடப்பட்டால், காலியானதை 'இயல்பு' என்று எடுத்துக்கொள்ளும் கணக்கும் உண்டு. உயிர் ஊசலாட வந்தவர், நன்றாக இருந்து இறந்தவர் ஆகிவிடுவார்! காலிக் கட்டத்தை 'தெரியவில்லை' என்றே பதிய வேண்டும். அது எத்தனை சதவீதம் என்பதையும் முடிவுகளோடு வெளியிட வேண்டும்.

அரசு மருத்துவமனையில் நோயாளி யூனிட் சீஃப் பெயரில் சேர்க்கப்படுகிறார். கத்தி பிடிப்பவர் உதவிப் பேராசிரியராகவோ பட்டமேற்படிப்பு மாணவராகவோ இருக்கலாம். ஆகவே முதல் சில ஆண்டுகளுக்குத் தனி மருத்துவர் பெயரை விட்டுவிட்டு, யூனிட் வாரியாக வெளியிடுவதே நியாயம்.

டிஸ்சார்ஜோடு கணக்கை முடிப்பதும் தவறு. 'மருத்துவரின் ஆலோசனையை மீறி' வெளியேறிச் சென்றவர் வீட்டில் இறந்தால் அது எதிலும் ஏறாது. 30ஆம் நாள் போனில் விசாரிக்க வேண்டும். அதற்கு நோயாளியின் எண்ணோடு உறவினர் ஒருவரின் எண்ணும் சேர்க்கையின்போதே வாங்கப்பட வேண்டும்.

நியூயார்க்கிலேயே பதிவேடு தொடங்கிய பின், நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பதாகக் குறிக்கப்பட்டவர்கள் திடீரென்று பெருகினார்கள். நோயைக் கூட்டிக் காட்டினால் எதிர்பார்க்கும் இறப்பு கூடி, மருத்துவரின் மதிப்பெண் உயரும் அல்லவா? மாதந்தோறும் சில கேஸ் ஷீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து, வேறு மருத்துவமனையைச் சேர்ந்தவர் சரிபார்க்க வேண்டும். பதிவுக்கென்று தனி ஊழியரும் வேண்டும். இரவுப் பணி முடித்த பயிற்சி மருத்துவர் தலையில் இதையும் கட்டாதீர்கள்.

இரா. செ.,
தண்டையார்பேட்டை, சென்னை-81