வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பத்தி உங்க எல்லாருக்கும் ஒரு லெட்டர்

அன்பான அப்பா அம்மாக்களுக்கும், ஆயா தாத்தாக்களுக்கும் வணக்கம். (பாதி வீட்டுல இதை புள்ளைய விட்டு சத்தமா படிக்கச் சொல்லி கேக்கப் போறது ஆயாதான், அது எனக்குத் தெரியும்.)

வழக்கமா என் லெட்டர் வந்தா முடி வெட்டல, ஐடி கார்டு போடல, பஸ் பாஸுக்கு போட்டோ குடுங்கன்னுதான் இருக்கும். இந்த தடவ அது எதுவும் இல்ல. நாலு வாரமா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல ஏழாவதுலேர்ந்து ஒன்பதாவது வரைக்கும் புள்ளைங்கள மரத்தடியில உக்கார வச்சு வெளி ஆளுங்களோட பேச வைக்கிறோம், அதைப் பத்திதான். ரெண்டு மூணு பேரு போன் போட்டு "விளையாட்டு பீரியட புடுங்கிட்டு கதை கேக்க வைக்கிறீங்களாமே டீச்சர்"னு கேட்டீங்க. நியாயமான கோபம். விளையாட்டு பீரியட திங்கக்கிழமைக்கு மாத்திட்டேன், அதுக்கு என் கணக்கு பீரியட்ல ஒண்ணதான் விட்டுக் குடுத்திருக்கேன், அதனால சந்தோஷமா இருக்கிற ஒரே கும்பல் எட்டாம் கிளாஸ்தான்.

இது எங்க ஆரம்பிச்சுதுன்னா பேச்சுப் போட்டியில. பதினோரு புள்ளைங்க பேர் குடுத்துச்சுங்க, அதுல ஏழு பேரு ஐடா ஸ்கடர் அம்மாவ பத்தி பேசினாங்க. வேலூர்ல வேற யாரைப் பத்தி பேசுவாங்க சொல்லுங்க. 1870-ல ராணிப்பேட்டையில பொறந்தாங்க, திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்துப் போனத பார்த்து டாக்டருக்குப் படிக்கணும்னு முடிவு பண்ணாங்க, 1900-ல ஒத்த கட்டில் வச்சு சி.எம்.சி. ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாங்க, 1918-ல பொண்ணுங்களுக்குன்னு மருத்துவப் பள்ளி தொறந்தாங்க. எல்லாம் கரெக்ட்தான், ஆனா ஏழு பேரும் அதே வரி, அதே இடத்துல கை தூக்கல், அதே இடத்துல தொண்டை கம்மல். கடைசியா பேசின பையன கூப்பிட்டு, "அந்த மூணு வீட்டுக்காரங்களும் ஐடா அம்மாவோட அப்பாவே டாக்டரா வீட்டுல இருந்தும் அவர் வேணாம்னு ஏன்டா சொன்னாங்க?"ன்னு கேட்டேன். முழிச்சான். "சரி, மறுநாள் காலையில ஐடாங்கிற அந்தப் பொண்ணு எழுந்து என்ன பண்ணியிருக்கும்?"னு கேட்டேன். "அது பேப்பர்ல இல்ல மிஸ்"ன்னான்.

அவன் மேல தப்பில்ல. பெரியவங்கள நாமதான் பேப்பர்ல எழுதி ஒப்பிக்கிற மாதிரி ஆக்கி வச்சிருக்கோம். அதான் உயிரோட நம்ம ஊர்ல இருக்கிற, கஷ்டத்துல விழுந்து எழுந்து இன்னொருத்தருக்கும் கை குடுக்கிற ஆளுங்கள கூட்டிட்டு வந்து புள்ளைங்கள கேள்வி கேக்க விடலாம்னு தோணிச்சு. பேச்சாளர் வேணாம், மைக் வேணாம், சால்வை கண்டிப்பா வேணாம். "எப்படி ஜெயிச்சீங்க"ன்னு மட்டும் கேக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டேன். அப்படி கேட்டா எவ்ளோ நல்ல மனுஷனும் "விடாமுயற்சி"ன்னு சொல்லிட்டு முடிச்சுடுவாரு. அன்னைக்கு காலையில என்ன சாப்பிட்டீங்க, யாரு பக்கத்துல இருந்தாங்க, துட்டு எங்கேர்ந்து வந்துச்சு, இப்படி சின்னதா கேளுங்கன்னு சொன்னேன்.

மொதல் வாரம் வந்தவரு அணைக்கட்டு பக்கத்து ஊர்க்காரரு. பேர் போடாதீங்க டீச்சர்னு கேட்டுக்கிட்டாரு, அதனால போடல. இருவத்தி நாலு வயசுல தென்னமரத்துலேர்ந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. இப்போ மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பண்றாரு, சாயந்திரத்துல அவர மாதிரியே புதுசா அடிபட்டு வீட்டுல கிடக்கிறவங்கள தேடிப் போய் பேசிட்டு வராரு. நான் பெருமையா போர்டுல "ஊனத்தை வென்ற சாதனையாளர்"னு எழுதி வச்சிருந்தேன். வந்தவரு அதைப் பார்த்துட்டு "இன்னா டீச்சர், நான் இன்னும் ஒண்ணத்தயும் வெல்லலயே, இன்னைக்கு காலைல கூட பைப்படிகிட்ட சக்கரம் மாட்டிக்கிச்சு, அழிச்சுடுங்களேன்"னாரு. அழிச்சேன். முப்பது வருஷம் டீச்சரா இருந்து போர்டுல எழுதுனத ஒரு விருந்தாளி சொல்லி அழிச்சது இதான் மொதல் தடவ.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு நடந்துச்சு, அத மறைக்க மாட்டேன். நம்ம ஸ்கூல் வாசல்ல மூணு படி இருக்கு. அவரு வர்றாருன்னு ஒரு வாரமா தெரியும், டீக்கு சொல்லியாச்சு, நாற்காலி கூட எடுத்து போட்டேன் (வீல்சேர்ல வர்றவருக்கு நாற்காலி!), ஆனா அந்த மூணு படிய மட்டும் எனக்கு கண்ணுல படவே இல்ல. கடைசியில ரெண்டு சாரும் வாட்ச்மேனும் சேர்ந்து வண்டியோட அவர தூக்கினாங்க. தூக்கும்போது அவர் சிரிச்சுட்டே இருந்தாரு, ஆனா ரெண்டு கையும் பக்கவாட்டு கம்பிய எவ்ளோ இறுக்கமா புடிச்சிருந்துச்சுன்னு நான் பார்த்தேன், முட்டி எல்லாம் வெளுத்துப் போச்சு.

பேசிட்டிருக்கும்போது அவரு அப்பப்போ ரெண்டு கையையும் ஊனி உடம்ப சீட்ட விட்டு தூக்கி, கொஞ்ச நேரம் அப்படியே தொங்கிட்டு மறுபடி உக்காருவாரு. நாங்க பெரியவங்க யாரும் கண்டுக்கல. ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு மட்டும் "அண்ணா, நீங்க ஏன் அடிக்கடி எழுந்து எழுந்து உக்கார்றீங்க?"ன்னு கேட்டுச்சு. பாருங்க, அன்னைக்கு வந்த கேள்வியிலேயே அதான் கேள்வி. "நீ இப்போ தரையில உக்காந்திருக்க, கால் மரத்துப் போனா வலிக்கும், நீயே அறியாம நகர்ந்துப்ப. எனக்கு அந்த வலி வராதும்மா. நகராம இருந்தா ரத்த ஓட்டம் நின்னு தோல் செத்து புண்ணாயிடும், புண்ணானாலும் தெரியாது. அதான் மணி பார்த்து நானே தூக்கிக்கிறேன், ராத்திரியில கூட அலாரம் வச்சு புரண்டு படுப்பேன்"னாரு. மொதல் வருஷம் இது தெரியாம முதுகுக்குக் கீழ புண்ணு வந்து ஆறு மாசம் குப்புறவே படுத்திருந்தாராம். இப்போ புதுசா அடிபட்டவங்க வீட்டுக்குப் போனா மொதல்ல ஆறுதல் சொல்றதில்லயாம், கண்ணாடி ஒண்ணு எடுத்துட்டுப் போயி, அதுல எப்படி தன் முதுக தானே பார்த்துக்கணும்னு சொல்லிக் குடுப்பாராம்.

அந்தப் பொண்ணு மறுநாள் என் ரூமுக்கே வந்து "வலி இல்லன்னா நல்லதுதானே மிஸ்னு நெனச்சேன்"னுச்சு. நான் உக்கார வச்சு பால் பிராண்ட் டாக்டர் கதைய சொன்னேன். அவரு வெள்ளைக்காரரு, ஆனா பொறந்தது நம்ம கொல்லிமலையில, 1914-ல. 1946-ல வேலூருக்கு வந்தாரு. அப்போ தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு எல்லாரும் நம்பிட்டு இருந்த காலம். அவரு கவனிச்சுப் பார்த்தா நோய் விரல திங்கல, நரம்பு செத்து வலி தெரியாம போனதால சூடான பாத்திரத்த புடிச்சும், ஆணிய மிதிச்சும் காயம் ஆகி ஆகித்தான் போவுது, சில பேருக்கு தூக்கத்துல எலி கடிச்சது கூட தெரியல. வலிங்கிறது உடம்பு வச்சிருக்கிற வாட்ச்மேன்னு அவருக்குப் புரிஞ்சது அப்படித்தான். மடங்கிப் போன கைக்கு தசைநார மாத்தி வச்சு ஆபரேஷன் பண்ணாரு, காலுக்கு மெத்துனு ரப்பர் செருப்பு செய்ய வச்சாங்க. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிய உங்க பல பேருக்குத் தெரியும், அந்த வேலையெல்லாம் அங்கயும் நடந்ததுதான்.

அவர்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்கதான் மேரி வர்கீஸ் டாக்டர். கொச்சிக்காரங்க, வேலூர்ல படிச்சவங்க. 1954-ல எல்லாரும் சேர்ந்து வெளிய போனப்போ கார் விபத்து, இடுப்புக்குக் கீழ எதுவும் இல்ல, முகத்துலயும் பெரிய காயம். கைக்குப் பண்ற ஆபரேஷன உக்காந்துட்டே பண்ணலாம்னு பிராண்ட் டாக்டர் சொல்ல, வீல்சேர்ல உக்காந்தே தொழுநோய்க்காரங்க கைய சரி பண்ணாங்க. அப்புறம் வெளிநாடு போயி மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு திரும்ப இங்கயே வந்து அந்த டிபார்ட்மென்ட்ட நடத்துனாங்க, 1966-ல பாகாயத்துல ரீஹாப் (மறுவாழ்வு மையம்) தொறந்தது அவங்க காலத்துலதான், 1972-ல பத்மஸ்ரீ. நம்ம அணைக்கட்டு அண்ணன் வீல்சேர தள்ளக் கத்துக்கிட்டது அந்த ரீஹாப்லதான், ஆனா அந்த அம்மா பேரு அவருக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நான் சொல்லி.

ரெண்டாவது வாரம் குடியாத்தம் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா. முப்பது வயசுல வீட்டுக்காரர் போயிட்டாரு, ரெண்டு புள்ளைங்க, பீடி சுத்தி வளர்த்தாங்க. நம்ம புள்ளைங்கள்ல எத்தன வீட்டுல முறம் இருக்குன்னு எனக்குத் தெரியும், ஆனா யாரும் வாய தொறந்து சொல்லாதுங்க. அந்த அக்கா முறத்தையே எடுத்துட்டு வந்து மடியில வச்சுக்கிட்டாங்க. இலைய நனைச்சு, தகடு வச்சு கத்தரியில வெட்டி, தூள் போட்டு உருட்டி, நூல் கட்டி, நுனிய மடக்கி, பேச்சு பாட்டுக்கு பேச்சு கை பாட்டுக்கு கை (தூளுக்கு பதிலா மரத்தூள் போட்டாங்க, நான் கேட்டுக்கிட்டதால). ஆயிரம் சுத்தினாத்தான் ஒரு நாள் கணக்கு. இப்போ அவங்க தெருவுல விதவை பென்ஷன், முதியோர் பென்ஷன் எதுக்கு யாரு போகணும்னாலும் இந்த அக்காதான் துணைக்குப் போறாங்க. ஏன்னா அவங்க பென்ஷனுக்கு ஒரு ஆபீஸ்ல ரெண்டு வருஷம் அலைய விட்டாங்களாம், எந்த பேப்பர் இல்லன்னு திருப்பி அனுப்புவாங்கன்னு இப்போ மனப்பாடமாம். "இது சேவை இல்ல டீச்சர், எனக்கு வழி தெரியும், அவங்களுக்கு தெரியாது, அவ்ளோதான்."

அன்னைக்கு ஒரு பையன் டமார்னு "வீட்டுக்காரர் செத்தப்போ எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டுட்டான். எனக்கு பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு. அந்த அக்கா கை மட்டும் நின்னுச்சு. அப்பால "பசிச்சுதுடா கண்ணு"ன்னாங்க. "மூணாம் நாளு எல்லாரும் போன அப்பால பயங்கரமா பசிச்சுது, பசிக்குதேன்னு வெக்கமா இருந்துச்சு. எதிர் வீட்டு பாய் வீட்டம்மா சோறு எடுத்தாந்து ஊட்டி விட்டாங்க." அந்த பையன நான் திட்டவே இல்ல.

மூணாவது வாரம் 108 வண்டி டிரைவர் ஒருத்தரு, பத்து நிமிஷம் கூட ஆகல, போன் வந்து ஓடிட்டாரு. புள்ளைங்களுக்கு ரொம்ப புடிச்ச வாரம் அதான். நாலாவது வாரம் ரிட்டயர்டு நர்ஸம்மா, நல்லா பேசினாங்க, ஆனா கொஞ்சம் அட்வைஸ் ஜாஸ்தி, என்ன மாதிரியே.

இப்போ உங்ககிட்ட கேக்க வேண்டியது. புள்ளைங்க வீட்டுலயும் கேள்வி கேக்க ஆரம்பிச்சிருக்கும். ஷூ கம்பெனி ஷிஃப்ட் முடிச்சு அலுத்து வர்ற நேரத்துல "நீங்க ஏன் எட்டாவதோட நிறுத்திட்டீங்க"ன்னு கேட்டா எரிச்சல் வரும், எனக்கும் புரியுது. சொல்ல முடிஞ்சத சொல்லுங்க, முடியாதத "அப்புறம் சொல்றேன்"னு சொல்லுங்க, பொய்யா மட்டும் சொல்லாதீங்க. ஒரு ஆயா பாலாத்துல மணல் தோண்டி ஊத்துத் தண்ணி சுமந்த கதைய பேத்தி நோட்டுல நாலு பக்கம் எழுதி கொண்டாந்திருக்கு, தமிழ் டீச்சர் பிழை திருத்த பேனா எடுத்தாங்க, வேணாம்னு நான்தான் வாங்கி வச்சுக்கிட்டேன். உங்க தெருவுலயே கூட்டிட்டு வர வேண்டிய ஆள் இருந்தா புள்ளைகிட்ட சொல்லி அனுப்புங்க, நானே வந்து கேக்கறேன்.

இன்னொன்னு அந்த மூணு படி. ஒன்பதாவது பசங்க ஸ்கேல் வச்சு அளந்துட்டாங்க, ஒரு படி ஆறு இஞ்ச், மொத்தம் பதினெட்டு இஞ்ச். ஒரு இஞ்ச் உயரத்துக்கு பன்னண்டு இஞ்ச் நீளமாவது சரிவு இருந்தாத்தான் வீல்சேர தானா தள்ளிட்டு ஏற முடியும், அப்படின்னா பதினெட்டு அடி நீளம், வேப்பமரம் வரைக்கும் வரும். (இந்த கணக்கு போட்டது எட்டாம் கிளாஸ், நான் விட்டுக் குடுத்த பீரியட்ல!) ஜல்லி, சிமெண்ட், எம்-சாண்டுக்கு ஸ்கூல்ல ஏற்பாடு பண்ணியாச்சு, யார்கிட்டயும் காசு கேக்கல. கை வேலைதான் வேணும். கொத்தனார் வேலை தெரிஞ்ச அப்பாக்கள், சித்தாள் வேலை தெரிஞ்ச அம்மாக்கள், வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு, நம்ம ஊர் வெயில் ஏறுறதுக்குள்ள, கரணையும் ரசமட்டமும் எடுத்துட்டு வந்துடுங்க. அணைக்கட்டு அண்ணனும் வரேன்னு சொல்லியிருக்காரு, சரிவு சரியா இருக்கான்னு அவர்தான் ஏறிப் பார்த்து சொல்லணும். டீயும் போண்டாவும் என் செலவு.

இப்படிக்கு,
உங்க புள்ளைங்களோட எச்.எம். டீச்சர்