ஓர் ஆரஞ்சு கோனுக்கு நன்றி

எங்கள் ஊர்த் தமிழ்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நேற்று ராத்திரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாகவே சமையலறைக்கு வந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டுப் பதறி ஓடினேன். அவர் நின்றுகொண்டிருந்தார், எனக்குத்தான் கால் நிற்கவில்லை. ஆகஸ்டிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு நின்றவர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ரசமும் புளியோதரையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போனவர்கள், சின்னவனை வாராவாரம் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடும் போட்டு அனுப்பிய அக்கா, இன்சூரன்ஸ் கடிதங்களை வரிவரியாகப் படித்துச் சொன்ன தம்பி, முறை வைத்து ராத்திரி ராத்திரி நாற்காலியில் தூங்கிய இவருடைய நண்பர்கள், கேட்காமலே புல் வெட்டிக் கொடுத்த எதிர்வீட்டுக்காரர், நர்ஸ் பெண்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நேரில் சொல்லத்தான் போகிறேன். இந்த மடலில் நான் அதிகம் எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவரைப் பற்றி. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பெயரே எனக்குப் போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகள்தான் இதை அவருக்கு வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

டெக்சஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் பள்ளிக்கூட அமெரிக்கக் கால்பந்துதான் என்று இங்கே இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் அதை மூன்று வருஷம் வெறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி இசைக்குழுவான பேண்டில் சேர்ந்து கிளாரினெட் எடுத்த நாளிலிருந்து, கொண்டுவிடுவது, கூட்டிவருவது, சாமான் தள்ளுவது எல்லாம் இவர் வேலை. பேண்ட் அப்பாக்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு மரிம்பா என்கிற பெரிய மரக்கட்டை வாத்தியத்தையும் பெரிய டிரம்களையும் சக்கர வண்டியில் வைத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவார்களே, அதில் இவரும் ஒருவர். நான் வீட்டில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்து விளையாட இத்தனை செலவா என்று கேட்பேன். ஆலன் ஊர்ப் பள்ளிக்கு 2012-இல் 6 கோடி டாலர் போட்டு 18,000 பேர் உட்கார ஸ்டேடியம் கட்டியதைச் சொல்வேன். ஃபிரிஸ்கோவில் டல்லஸ் கௌபாய்ஸ் என்கிற தொழில்முறை அணி பயிற்சி எடுக்கிற 12,000 இருக்கை அரங்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகளும் ஆடுவதைச் சொல்வேன். இவர் சிரித்துக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

செப்டம்பரில் அந்தச் சாவி என் கைக்கு வந்தது. இவர் படுக்கையில் இருந்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்த வருஷம் அவளுக்குக் கடைசி வருஷம். இடைவேளையில பேண்ட் ஆடுறதை மட்டும் வீடியோ எடுத்துட்டு வா. நீ நேர்ல பாத்துட்டு வந்து சொல்லு." இணையத்தில் வருகிற ஒளிபரப்பில் அந்த நேரத்தில் விளம்பரம்தான் ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வரத் தாமதமாகி, நான் கிளம்பும்போதே இரண்டாம் குவார்ட்டர், அதாவது இடைவேளைக்கு முந்தின கால் பகுதி, ஓடிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்தே விளக்குகள் தெரிந்தன. நாலு மூலையிலும் வானத்தில் பால் ஊற்றினதுபோல் வெளிச்சம். உள்ளே நுழைந்தால் எங்கு பார்த்தாலும் வண்டி. ஒரு வழியாக எங்கேயோ கடைசியில், குப்பைத்தொட்டி வரிசைக்கு அந்தப் பக்கம் இடம் கிடைத்து, புடவைக்கட்டோடு ஓடினேன். வேலியை எட்டும்போது கைதட்டல் ஓய்ந்து, பிள்ளைகள் வரிசையாக மைதானத்தைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எட்டு நிமிஷ ஆட்டம் அவ்வளவுதான். மரிம்பா வண்டியை வேறு யாரோ அப்பாக்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. போனில் ஒன்றுமில்லை, இவரிடம் காட்ட ஒன்றுமில்லை.

திரும்பி வண்டிக்கு நடக்கும்போதுதான் அவரைப் பார்த்தேன். எழுபது தாண்டிய பெரியவர். மினுங்குகிற சட்டை, கையில் ஆரஞ்சு ஒளிவிடும் டார்ச். வண்டி நிறுத்துமிடத்தில் நின்று வழிகாட்டுகிற தன்னார்வலர். "ஆட்டம் பாதிதானே முடிஞ்சிருக்கு, எல்லாம் சரிதானா மேம்?" என்று கேட்டார். இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். எனக்கு என்னமோ உடைந்துவிட்டது. மூன்றே வாக்கியம் சொல்லியிருப்பேன். கணவர் ஆஸ்பத்திரியில், மகள் பேண்டில், இடைவேளைக்கு மட்டும் வந்துவிட்டு ஓட வேண்டும். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "வண்டி என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு நான் திரும்பும் வளைவிலேயே டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாசலை ஒட்டினாற்போல, வெளியே போகிற பாதைக்கு நேராக, ஓர் இடம். அதில், வேறு யாரும் வண்டி நிறுத்தாதபடி சாலையில் வைப்பார்களே, அந்த மாதிரி ஓர் ஆரஞ்சு கோன். என் வண்டியைப் பார்த்ததும் குனிந்து கோனைத் தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு, உள்ளே வா என்று கை காட்டினார்.

இவ்வளவுதான் அவர் செய்தது. நவம்பர் வரை ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் செய்தார். ஆயிரக்கணக்கான வண்டிகள் இடம் தேடுகிற ராத்திரியில் ஒரு காலி இடத்தைக் காப்பாற்றி வைப்பது சின்ன வேலை இல்லை. எத்தனை பேர் அவரிடம் சண்டைக்குப் போயிருப்பார்கள்! ஒரு தடவை நான் வரவே தாமதமாகிவிட்டது. அந்த இடத்தைக் கேட்டு ஒரு பெரிய டிரக்குக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் கோனின் தலையில் கை வைத்துக்கொண்டு, "இது ஒரு பேண்ட் அம்மாவோட இடம்" என்று சொல்வது என் வண்டிக் கண்ணாடி வழியாகக் கேட்டது.

அந்த இடம் கிடைத்ததால் எனக்கு வேறொன்றும் கிடைத்தது, நேரம். பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டால் அவரோடு வெளியே நிற்பேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை. ஸ்டேடியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர். ஆனால் ஸ்கோர் எப்போதும் சரியாகச் சொல்வார். எல்லாம் காது. "இது டச்டவுன் இல்ல மேம், ஃபர்ஸ்ட் டவுன்தான். டச்டவுன்னா முதல்ல பீரங்கி, அப்புறம் உங்க பொண்ணோட பேண்ட்." டச்டவுன் என்றால் பந்தை எதிரணியின் கடைசி எல்லைவரை கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது, ஃபர்ஸ்ட் டவுன் என்றால் அதை நோக்கிக் கொஞ்சம் முன்னேறுவது. நீளமாக ஏறி மூச்சு பிடித்து நிற்கிற சத்தம் என்றால் பந்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. அது அறுந்து விழுந்தால் பிடி தவறிவிட்டது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயைப் பொத்தினமாதிரி அமைதி வந்தால், யாரோ ஒரு பிள்ளை அடிபட்டு எழுந்திருக்காமல் கிடக்கிறான். அப்படி ஒருமுறை வந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கைதட்டல் வந்த பிறகுதான் போட்டுக்கொண்டார். "எழுந்துட்டான்" என்றார், என்னிடம் மட்டும்.

அந்தக் கைதட்டலை நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியெல்லாம் காதில் வைத்துக்கொண்டு போனேன்.

அவரிடமிருந்துதான் வேறொரு விஷயமும் தெரிந்தது. 1961-இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்டு 1966-இல் பள்ளி ஆட்டங்களுக்காகத் திருத்திய ஒரு சட்டத்தில், செப்டம்பர் இரண்டாவது வெள்ளியிலிருந்து டிசம்பர் இரண்டாவது சனி வரைக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல் தொழில்முறை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டிப் பள்ளி ஆட்டங்களின் கூட்டத்தைப் பிரித்துவிடாதபடி வேலி கட்டி வைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் புரள்கிற லீக் வெள்ளிக்கிழமை ராத்திரியைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை, தன் வீட்டுக் கல்யாணத்தைச் சொல்கிறவர் முகம்.

ஆஸ்பத்திரியில் பக்கத்து அறை நோயாளியின் மனைவி மேற்கு டெக்சஸ்காரர். என் போனில் வீடியோ ஓடுவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒடெஸாவில் 1982-இல் திறந்த ராட்லிஃப் ஸ்டேடியத்தில் 17,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்ததையும் சொன்னார், தன் சொந்த ஊர்ப் பள்ளியில் பதினோரு பையன்கள் தேறாததால் ஆறு பேர் அணியாக ஆடியதையும் சொன்னார். அந்த ஆட்டத்துக்கு மைதானமே சிறிசு, 80 கெஜ நீளம். ஊரே வேலியோரம் டிரக்கை நிறுத்தி, பந்து எல்லையைத் தாண்டினால் ஹாரன் அடிப்பார்களாம். "எனக்கு அந்த ஹாரன்தான் பெரிசு" என்றார். எனக்கு எங்கள் ஊர் மின்னொளிக் கபடி ஞாபகம் வந்தது. கரும்பு வெட்டின வயலில் நாலு கம்பம் நட்டு விளக்குக் கட்டி, ஒலிபெருக்கியில் பக்கத்து ஊர் அணியின் பெயரை இழுத்து இழுத்துச் சொல்வார்கள். அப்பா தோளில் உட்கார்ந்து விடியவிடியப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருஷமும் இங்கே இருந்துகொண்டு, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரியில் வெளிச்சம் போட்டால் ஊர் வந்து கூடும். கூடினால் யார் வரவில்லை என்று தெரிந்துவிடும். இவர் வரவில்லை என்று அந்த ஸ்டேடியத்துக்குத் தெரிந்திருந்தது. மரிம்பா தள்ளும் அப்பாக்கள் இவருடைய சட்டையை வண்டியின் கைப்பிடியில் கட்டிவைத்துத்தான் ஓடினார்கள். அவர்களுக்கும் நன்றி.

பழைய மாணவர்களை வரவேற்கிற ஹோம்கமிங் வாரத்தில் நான் மகளுக்கு மம் செய்ய மறந்தே போனேன். மம் என்பது நம் சாமந்திதான். நிஜப் பூவாக இருந்தது, இப்போது துணிப்பூவாகி, ரிப்பனும் மணியுமாக முழங்கால் வரை தொங்குகிறது. கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு வெள்ளையும் வெள்ளியும். பேண்ட் அம்மாக்கள் நாலு பேர் பசைத் துப்பாக்கியோடு ஒரு ராத்திரி உட்கார்ந்து அவளுக்குச் செய்து கொடுத்துவிட்டார்கள். அவள் அதை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து வந்தபோது, சலங்கை கட்டினதுபோல் சத்தம் முன்னால் வந்தது. இவர் கண்ணைத் திறக்காமலே "பாப்பா வந்துட்டா" என்றார்.

போன வெள்ளிக்கிழமை கடைசி உள்ளூர் ஆட்டம், சீனியர் நைட். கடைசி வருஷப் பிள்ளைகள் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நடப்பார்கள். வீட்டுக்கு வந்துவிட்டாலும், இவர் வெளியே போக டாக்டர் ஒரு மணி நேரம்தான் அனுமதி கொடுத்தார். போர்வையைச் சுற்றி, சக்கர நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வளைவில் திரும்பினேன். பெரியவர் டார்ச்சைத் தூக்கியவர், முன் சீட்டில் இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு எங்கள் கோனை எடுத்தார். நாலெட்டு நடந்துபோய்ப் பக்கத்து இடத்தில் காரை நிறுத்தியிருந்தவரிடம் என்னவோ சொன்னார். அந்தக் கார் கிளம்பிப் போனது. நாற்காலியை இறக்கக் கதவு முழுசாகத் திறக்க வேண்டும் அல்லவா, அதற்கு இடம்.

இவர் கையை நீட்டினார். பெரியவர் கோனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஸ்கோர் என்ன?" என்று இவர் கேட்டார். ஆட்டம் தொடங்கவே இல்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் கண் தெரியவில்லை. ஐயா, உங்களையும் உள்ளே வரச் சொல்லிக் கேட்டேன். வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன என்று சொல்லிவிட்டீர்கள். புல்தரையில் நாற்காலி ஓடாத இடத்தில் மரிம்பா அப்பாக்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒலிபெருக்கியில் எங்கள் மூன்று பேர் பெயரையும் கொஞ்சம் தடுமாறித்தான் வாசித்தார்கள். அதற்கு எழுந்த சத்தத்தை நீங்கள் வெளியே முதுகைக் காட்டி நின்று கேட்டிருப்பீர்கள். அது டச்டவுன் இல்லை, ஃபர்ஸ்ட் டவுனும் இல்லை. அது எங்களுக்கு.

அடுத்த ஆகஸ்டில் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். எங்களுக்கு அந்த ஸ்டேடியத்தில் பிள்ளை இருக்காது. வண்டி நிறுத்தும் தன்னார்வலர் பட்டியலில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இவரும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், நிற்க முடிந்தால் நின்று, முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து. மினுங்கும் சட்டையின் அளவு கேட்டு நேற்றுச் செய்தி வந்தது. எங்களுக்கு ஒரு கோன் மட்டும் தனியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

இந்த வாரம் அதிரசம் சுடுகிறேன். முதல் டப்பா உங்களுக்குத்தான் ஐயா.

அன்புடன்,
வெள்ளை வண்டி பேண்ட் அம்மா